கேட்காத கோப்பு வராது: மலைச் சிக்னலில் யூபிளாக் ஆரிஜின் செய்யும் வேலை

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வந்து, அங்கிருந்து நாகலூர் பக்கமோ மஞ்சக்குட்டை பக்கமோ உள்ளே போனால், போனில் சிக்னல் கோடு ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும் இடங்கள் நிறைய. அப்படி ஓர் இடத்தில் நின்றுகொண்டு இன்றைக்கு மிளகு என்ன விலை, காப்பி என்ன விலை என்று ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் நடப்பது இதுதான்: தலைப்பு வரும், முதல் பத்தி வரும், படிக்க ஆரம்பிக்கும்போது எழுத்து எல்லாம் குதித்துக் கீழே இறங்கிவிடும். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். "நெட்டு சரியில்லை" என்று போனை ஃபிளைட் மோடில் போட்டு எடுப்பார்கள், சிம்மை மாற்றுவார்கள்.

நெட்டின் மேல் பாதிப் பழிதான் போட வேண்டும். நானூறு சொல் உள்ள ஒரு தமிழ்ச் செய்தி எவ்வளவு கனம் இருக்கும்? இணையத்தில் வழக்கமான யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். சொல்லுக்கு எட்டு ஒன்பது குறி என்று வைத்தாலும் மொத்தம் 10 கேபி சுற்றித்தான் வரும். சுருக்கி அனுப்பினால் இன்னும் குறைவு. அதற்கு ஒரு கோடு சிக்னலே போதும். செய்தியோடு ஒட்டிக்கொண்டு வருகிற விளம்பரம், கண்காணிப்பு நிரல் போன்ற மற்றவற்றுக்குத்தான் அந்தக் கோடு போதவில்லை.

யூபிளாக் ஆரிஜின் என்பது உலாவியில் (பிரவுசரில்) சேர்த்துக்கொள்ளும் ஒரு விளம்பரத் தடுப்பு நீட்சி (எக்ஸ்டென்ஷன்). இந்தத் தடுப்பான் சிக்னலைக் கூட்டித் தராது. "இந்தக் கோப்பைக் கொடு" என்று உலாவி சர்வரிடம் கேட்பதுதான் கோரிக்கை; அதில் போக வேண்டாதவற்றைப் போகவிடாமல் பிடித்து வைக்கும். அது செய்கிற நன்மை முழுவதும் இந்த ஒரே செயலிலிருந்து வருகிறது. அதனால் உண்டாகிற சிக்கலும் இதே செயலிலிருந்துதான் வருகிறது. இது புரிந்துவிட்டால் எந்த செட்டிங்கைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாக விளங்கும்.

போய்வரும் கணக்கு

ஒரு புதிய சர்வரிலிருந்து ஒரு கோப்பை வாங்க, உலாவி முதலில் அந்தப் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்கிறது. அது ஒரு முறை போய்வருதல். பிறகு இணைப்புப் போட ஒரு முறை. பூட்டுப் போட்ட பாதுகாப்பான இணைப்பாக அதை மாற்ற இன்னொரு முறை. பழைய முறையில் இயங்கும் சர்வராக இருந்தால் இரண்டு முறை. அதற்குப் பிறகுதான் "இந்தக் கோப்பைக் கொடு" என்ற கேள்வியே போகிறது. ஆக, முதல் பைட் கைக்கு வருவதற்குள் நான்கு நடை.

சேலம் ஐந்து ரோட்டில் நல்ல 4ஜியில் ஒரு நடை கண் இமைக்கும் நேரம்கூட எடுக்காது. சிக்னல் தேய்ந்த மலைப் பகுதியில் ஒரு நடைக்குக் கால் நொடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு நடைக்கு ஒரு நொடி. செய்தித் தளத்தின் சொந்த சர்வருக்கு அந்த ஒரு நொடியைக் கொடுத்தே ஆக வேண்டும். விளம்பரம் இருக்கும் பக்கமோ இருபது முப்பது வேறு வேறு பெயர்களோடு பேசும். உலாவி பல இணைப்புகளை ஒரே நேரத்தில் போடும் என்பதால் முப்பது நொடி ஆகிவிடாது. ஆனால் விளம்பர நிரல்கள் சங்கிலியாக வருகின்றன. முதல் நிரல் வந்து இறங்கினால்தான் இரண்டாவது எங்கே இருக்கிறது என்று தெரியும். இரண்டாவது நிரல் ஏலத்தைக் கூட்டும். ஏலம் முடிந்த பிறகு விளம்பரப் படம் வரும். படம் வந்த பிறகு அதைப் பார்த்தீர்களா என்று அளக்கும் நிரல் வரும். ஒவ்வொன்றும் புதுப் பெயர், ஒவ்வொன்றுக்கும் நான்கு நடை. நான்கைந்து கண்ணி இருந்தாலே நான்கைந்து நொடி போய்விடும். அந்தச் சங்கிலி முடிகிற நேரத்தில்தான் விளம்பரக் கட்டத்தின் உயரம் தீர்மானமாகி, நீங்கள் படித்துக்கொண்டிருந்த வரி கீழே குதிக்கிறது.

ஏலம் என்று சொன்னது உவமை இல்லை. பக்கம் திறக்கும்போதே அந்த விளம்பர இடம் உண்மையிலேயே ஏலம் விடப்படுகிறது. பதிப்பாளர்கள் ஏலக்காரர்களின் பதிலுக்காக ஒரு நொடி முதல் மூன்று நொடி வரை காத்திருக்கும்படி நிரலை அமைத்திருப்பது வழக்கம். நல்ல சிக்னலில் அந்த நேரத்துக்கு முன்பே பதில் வந்துவிடும். மலையில் அந்தக் காத்திருப்பு முழுசாகத் தீரும்.

இதற்கு மேல் போனின் மூளை வேலை வேறு. 3 ஜிபி ராம் உள்ள ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில், இறங்கிய நிரலைப் படித்து ஓட்டுகிற நேரமே டவுன்லோட் நேரத்துக்கு ஈடாக ஆகிவிடும். விரலால் தள்ளினால் பக்கம் நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். பல தளங்களில் விளம்பரக் கட்டம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக மாறும். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் தினசரி ஒன்றரை ஜிபி கரைந்துகொண்டே இருக்கும்.

பட்டியலும் தேடலும்

தடுப்பான் தானாக எதையும் விளம்பரம் என்று கண்டுபிடிப்பதில்லை. அதன் அறிவு முழுவதும் பட்டியல்களில் இருக்கிறது. யூபிளாக் ஆரிஜினை நிறுவியதும் அதற்கென்றே எழுதப்பட்ட பட்டியல்களும், விளம்பரத்துக்கான ஈஸிலிஸ்ட், கண்காணிப்புக்கான ஈஸிபிரைவசி, பீட்டர் லோ பராமரிக்கும் சர்வர் பட்டியல், தீங்கு செய்யும் முகவரிகளின் பட்டியல் ஆகியவையும் இயங்கத் தொடங்கும். ஈஸிலிஸ்டை 2005இல் தொடங்கியவர் ரிக் பெட்னெல். அவர் 2009இல் காலமானார். இன்றுவரை தன்னார்வலர்கள் அதைத் தொடர்ந்து பராமரிக்கிறார்கள்.

விதிகளில் இரண்டு வகை முக்கியம். ஒரு வகை இரண்டு நெடுங்கோட்டில் (||) தொடங்கி ஒரு சர்வரின் பெயரைச் சொல்லி ^ குறியில் முடியும். அந்தப் பெயருக்குப் போகும் கோரிக்கையையே அது நிறுத்திவிடும். மற்றது ## குறி போட்டது; பக்கத்துக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட ஒரு கட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும். நேரமும் டேட்டாவும் மிச்சமாவது முதல் வகையால் மட்டும்தான். இரண்டாவது வகை வெறும் ஒழுங்கு வேலை. "விளம்பரம் தெரியவில்லை, ஆனால் டேட்டா அப்படியே போகிறது" என்று ஏதாவது ஒரு செயலியைப் பற்றிச் சொன்னால், அது மறைக்கிறதே தவிர நிறுத்தவில்லை என்று பொருள்.

இரண்டு வகையும் சேர்த்து, தொடக்க நிலையிலேயே விதிகள் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு லட்சம் விதியை ஒப்பிட்டால் உலாவி மெதுவாகாதா என்ற கேள்வி நியாயமானது. ஒப்பிடுவதில்லை என்பதுதான் பதில். புதிய பேருந்து நிலையத்தில் ராசிபுரம் போகிறவர் எல்லா வண்டியின் போர்டையும் படித்துக்கொண்டு நடப்பதில்லை. ராசிபுரம் வண்டி நிற்கிற இடத்துக்கு நேரே போய் அங்கே நிற்கும் இரண்டு மூன்றைத்தான் பார்ப்பார். அதுபோல, கோரிக்கையின் முகவரியைச் சொல் சொல்லாக வெட்டி, அந்தச் சொல் அடையாளமாகப் போட்ட விதிகளை மட்டும் எடுத்துப் பார்க்கிறது. கைக்குச் சிக்குவது சில விதிகள்தான். நிறுத்தப்பட்ட நிரல்களை ஓட்டாமல் மிச்சமாகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு பொருட்டே இல்லை.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சில தளங்கள் தங்கள் கணக்கெடுக்கும் நிரல் வந்து இறங்கினால்தான் அடுத்த வேலையைச் செய்யும்படி எழுதப்பட்டிருக்கும். அங்கே வெறுமனே தடுத்தால் பக்கம் முடங்கும். அதனால் யூபிளாக் ஆரிஜின் தன்னிடம் உள்ள ஒரு வெற்று நிரலை அந்த இடத்தில் கொடுத்துவிடுகிறது. "வந்துவிட்டது" என்று நினைத்துப் பக்கம் தன் வேலையைப் பார்க்கும். வெளியே ஒரு பைட்கூடப் போகாது.

பெயரைச் சரியாகப் பார்க்க வேண்டும்

2014இல் ரேமண்ட் ஹில் இதை யூபிளாக் என்ற பெயரில் வெளியிட்டார். 2015இல் திட்டத்தை வேறொருவரிடம் ஒப்படைத்தார். பிறகு தன் வழியில் யூபிளாக் ஆரிஜின் என்று தனியாகத் தொடர்ந்தார். இன்று நமக்கு வேண்டியது ஆரிஜின் என்ற சொல் சேர்ந்தது. அந்தச் சொல் இல்லாதது வேறு கை, வேறு நோக்கம். வெளியிட்டவர் பெயர் இருக்கும் இடத்தில் ரேமண்ட் ஹில் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிறுவ வேண்டும். இது ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வரும் திறந்த மூல மென்பொருள். இதற்கு நன்கொடைகூட வாங்குவதில்லை. "புரோ பதிப்பு, மாதம் இவ்வளவு ரூபாய்" என்று இந்தப் பெயரில் யாராவது கேட்டால் அது போலி.

திறந்த மூலம் என்பது இந்தப் பொருளில் ஏன் இவ்வளவு முக்கியம்? தடுப்பானுக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் பார்ப்பதற்கான அனுமதி. பேங்க் பக்கமும் அதில் அடக்கம். 2018இல் குரோம் ஸ்டோரில் தடுப்பான் என்ற வேடத்தில் இருந்த போலி நீட்சிகளை, தடுப்பான் தயாரிக்கும் ஆட்கார்டு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னபோது, அவற்றை நிறுவியிருந்தவர்கள் 2 கோடிக்கு மேல். 2020 அக்டோபரில் நானோ ஆட்பிளாக்கர் என்ற நல்ல பெயருள்ள நீட்சி கைமாறியது. வாங்கியவர்கள் பயனர்களின் தகவலை வெளியே அனுப்பும் நிரலை உள்ளே நுழைத்தார்கள். மூல நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருப்பதன் பயன் இங்கேதான். வெளியிட்ட நீட்சியில் இருப்பதும் பொதுவில் இருக்கும் நிரலும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். நானோ விஷயம் சில நாட்களிலேயே வெளிவந்ததும் அப்படித்தான்.

நிறுவும் முறை

ஆண்ட்ராய்டு போனில் குரோம் நீட்சிகளை ஏற்காது. ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கும். ஃபயர்ஃபாக்ஸை நிறுவி, மூன்று புள்ளியைத் தொட்டு, எக்ஸ்டென்ஷன்ஸ் போனால் பட்டியலில் யூபிளாக் ஆரிஜின் இருக்கும். பக்கத்திலுள்ள கூட்டல் குறியைத் தொட்டு அனுமதி கொடுத்தால் முடிந்தது. தனிப்பட்ட சாளரத்திலும் இயங்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஓர் அனுமதி கேட்கும், கொடுத்துவிடலாம். பிறகு போனின் செட்டிங்ஸில் ஃபயர்ஃபாக்ஸை இயல்பு உலாவியாக மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் எல்லாம் பழையபடி குரோமில்தான் திறக்கும். "போட்டும் ஒன்றும் மாறவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

கணினியிலும் ஃபயர்ஃபாக்ஸையே பரிந்துரைக்கிறோம். தளத்தின் சொந்தப் பெயருக்குள் ஒளிந்துகொண்டு வரும் கண்காணிப்பு ஒன்று உண்டு. பார்ப்பதற்குத் தளத்தின் கிளைப் பெயர்போல இருக்கும். முகவரியை விசாரித்தால் கண்காணிப்பு நிறுவனத்தின் சர்வரைக் காட்டும். அந்த விசாரணையை நீட்சி செய்துபார்க்க ஃபயர்ஃபாக்ஸ் இடம் கொடுக்கிறது. குரோம் கொடுப்பதில்லை.

குரோமில் வேறு ஒரு பெரிய மாற்றமும் நடந்தது. நீட்சிகளுக்கான பழைய அமைப்பான மேனிஃபெஸ்ட் 2ஐ 2024 ஜூன் முதல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கி 2025இல் முழுவதுமாக முடித்துவிட்டார்கள். புதிய அமைப்பில், ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே பார்த்து முடிவெடுக்க முடியாது. விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைக்க வேண்டும்; முடிவை உலாவி எடுக்கும். அதற்கேற்ப ரேமண்ட் ஹில்லே எழுதியதுதான் யூபிளாக் ஆரிஜின் லைட். அன்றாடச் செய்தித் தளங்களுக்கு அது போதும். அதில் பேசிக், ஆப்டிமல், கம்ப்ளீட் என மூன்று நிலை. பெரும்பாலோருக்கு நடுவிலுள்ள ஆப்டிமல் சரி. பட்டியல்கள் நீட்சியோடு சேர்த்தே கட்டி அனுப்பப்படுவதால் ஸ்டோர் புதுப்பித்தால்தான் அவை புதிதாகும். தளம் வாரியாகச் சிவப்பு, சாம்பல் கட்டம் போட்டு ஆளும் வசதி (பின்னால் சொல்கிறோம்) லைட்டில் இல்லை. ஐபோன்காரர்களுக்கும் சஃபாரியில் போட இப்போது லைட் கிடைக்கிறது.

நிறுவியதும் செய்ய வேண்டியது

ஒன்றும் செய்யாவிட்டாலும் நன்றாகவே ஓடும். தமிழ்ப் பக்கம் படிப்பவர் மட்டும் ஒரு டிக் போட வேண்டும். நிறுவும்போது உலாவியின் மொழி என்னவென்று பார்த்து, அந்த மொழிக்குரிய வட்டாரப் பட்டியலைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இதில் உண்டு. நம்மில் பெரும்பாலோர் போனை இங்கிலீஷில் வைத்திருக்கிறோம். அதனால் நமக்கு வேண்டிய பட்டியல் சேராமலே போய்விடும். நீட்சியின் சின்னத்தைத் தொட்டு, பல்சக்கரம் போன்ற குறியைத் தொட்டு, ஃபில்டர் லிஸ்ட்ஸ் டேபுக்குப் போய், கீழே ரீஜன்ஸ், லேங்குவேஜஸ் பகுதியை விரித்தால் இந்தியன்லிஸ்ட் என்று ஒன்று இருக்கும். அதை டிக் செய்து, மேலே உள்ள அப்ளை சேஞ்சஸை அழுத்துங்கள். அழுத்தாமல் டேபை மூடினால் டிக் போட்டது வீண். தமிழ்ச் செய்தித் தளங்களின் வட்டார விளம்பரச் சர்வர்களுக்கும் காலிக் கட்டங்களுக்கும் உரிய விதிகள் இதில்தான் இருக்கின்றன.

அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இருக்கிற எல்லாப் பட்டியலுக்கும் டிக் போடுவதால் பாதுகாப்பு பெருகுவதில்லை. ஒரே விதி நான்கு பட்டியலில் இருந்தால் ஒருமுறைதான் பயன்; தவறாகத் தடுக்கும் வாய்ப்பு மட்டும் கூடும். அதைவிட மோசம், இரண்டு தடுப்பானை ஒன்றாக ஓட்டுவது. ஒன்று வெற்று நிரலைக் கொடுத்துச் சமாளிக்கும் இடத்தில் மற்றது முரட்டுத்தனமாக மறித்துவிடும். தளம் "தடுப்பான் இருக்கிறது, நிறுத்து" என்று கண்டுபிடித்துவிடும். யூடியூபில் அடிக்கடி தகராறு வருவதற்கும் இது ஒரு காரணம். அங்கே விளம்பரமும் வீடியோவும் ஒரே இடத்திலிருந்து வருவதால் பெயரைப் பார்த்துத் தடுக்க முடியாது. பக்கத்துக்குள் நுட்பமாகத் தலையிட வேண்டும், அந்த வித்தையை அடிக்கடி மாற்ற வேண்டும். தகராறு வந்தால் மற்ற தடுப்பானை நீக்கிவிட்டு, ஃபில்டர் லிஸ்ட்ஸில் பர்ஜ் ஆல் கேச்சஸ், பிறகு அப்டேட் நௌ. பெரும்பாலும் இதிலேயே தீரும்.

மலையில் இருப்பவர்களுக்கு மிகவும் உதவுவது செட்டிங்ஸில் உள்ள ஒரு வரி: குறிப்பிட்ட கேபிக்கு மேல் உள்ள பெரிய மீடியாவைத் தடு. அதில் 50 கேபி என்று இருக்கும். டிக் போட்டால் அதற்கு மேற்பட்ட படமும் வீடியோவும் இறங்காது. அந்த இடத்தில் ஒரு காலிச் சட்டம் நிற்கும். வேண்டிய படத்தை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். படத்தின் அளவை சர்வர் முதலிலேயே சொல்லிவிடுவதால், முழுசாக இறக்கிப் பார்த்துவிட்டு மறுக்கும் வீண்வேலை இல்லை.

வெளியிலிருந்து வரும் எழுத்துருவைத் தடுக்கும் வரியும் அங்கே இருக்கிறது. தமிழுக்கு இதில் கொஞ்சம் கவனம் தேவை. யூனிகோடுக்கு முந்திய காலத்தில் தளங்கள் தங்கள் சொந்த எழுத்துருவோடு தங்கள் சொந்தக் குறிமுறையில் எழுதின. அப்படிப்பட்ட பழைய இதழ்த் தொகுப்பு ஒன்றைத் திறக்கும்போது எழுத்துரு வராவிட்டால், கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். பக்கம் கெட்டுப்போகவில்லை. அந்தத் தளத்துக்கு மட்டும், சின்னத்தைத் தொட்டு ஆங்கில ‘A’ போன்ற எழுத்துருக் குறியை அழுத்தித் தடையை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினால் தமிழ் வந்துவிடும்.

பணம் கட்டும் பக்கம் நின்றுபோனால்

சேலத்தில் இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை பார்ப்பவர்கள் தடுப்பானைக் கண்டு தயங்குவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டு முடித்து, பணம் கட்டும் பட்டனை அழுத்தினால், வெள்ளைத் திரை. மனுதாரர் பக்கத்திலேயே நிற்கிறார். என்ன ஆனது?

பணம் வாங்கும் நிறுவனம் வேறு, மனு வாங்கும் தளம் வேறு. பணப் பக்கம் ஒன்று தனிச் சாளரமாகத் துள்ளித் திறக்கும், அல்லது மனுப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சட்டமாக (ஃபிரேம்) வரும், அல்லது அதே டேப் வேறு முகவரிக்கு மாறிவிடும். எந்த வகையானாலும் பணப் பக்கம், மோசடியைக் கண்டுபிடிக்க உங்கள் உலாவியின் அடையாளத்தை அளக்கும் ஒரு நிரலைக் கூப்பிடலாம். வேலை நல்ல வேலைதான். ஆனால் செய்கிற விதம் கண்காணிப்பு நிரலைப் போலவே இருப்பதால் சில சமயம் பட்டியலில் மாட்டிக்கொள்ளும். நிரல் வராது, பக்கம் அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

முதலில், பட்டனை இரண்டாம் முறை அழுத்தக்கூடாது. பணம் பிடித்தமானதா என்று பேங்க் எஸ்எம்எஸ்ஸையும் மனுவின் நிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போகவில்லை என்று உறுதியானதும் மனுப் பக்கத்துக்குத் திரும்பி, தடுப்பானின் சின்னத்தைத் தொட்டுப் பெரிய பவர் பட்டனை அணைத்து, பக்கத்தை மறுபடி ஏற்றி, அதற்குப் பிறகு பணம் கட்டப் போக வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்: பவர் பட்டன் அணைவது, மேலே முகவரிப் பட்டியில் தெரியும் தளத்துக்கு மட்டும். பணப் பக்கம் மனுப் பக்கத்துக்குள் சட்டமாக வந்தால் மனுத் தளத்தில் அணைத்ததே போதும். டேப் பேங்கின் முகவரிக்கு மாறிவிட்டால் அங்கே தடுப்பான் மறுபடி விழித்துக்கொள்ளும்; அந்த முகவரியிலும் ஒருமுறை அணைக்க வேண்டும். ஒருமுறை செய்தது நினைவில் இருக்கும், அடுத்த மனுதாரருக்குத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

தினமும் அதே தளத்தில் வேலை என்றால் முழுவதும் அணைப்பதைவிடக் காரணத்தைக் கண்டுபிடிப்பது நல்லது. சின்னத்தைத் தொட்டால் வரும் பெட்டியில் லாகர் என்று ஒரு குறி உண்டு. அதைத் திறந்து வைத்துவிட்டு, மற்ற டேபில் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வரியாக ஓடும். தடுக்கப்பட்டவை சிவப்பில் இருக்கும். பணம், சரிபார்ப்பு சம்பந்தமான பெயர் ஏதாவது சிவப்பில் இருந்தால் அந்த வரியை அழுத்துங்கள். எந்தப் பட்டியலின் எந்த விதி தடுத்தது என்று காட்டும். அங்கேயே ஸ்டாடிக் ஃபில்டர் டேபில், இந்தப் பெயரை இந்தத் தளத்தில் மட்டும் அனுமதி என்று தேர்ந்தெடுத்து உருவாக்கினால் @@ குறியோடு ஒரு விதி மை ஃபில்டர்ஸில் போய் உட்காரும். பூட்டு முழுவதையும் கழற்றாமல் ஒரு கதவுக்கு மட்டும் சாவி கொடுத்தாயிற்று.

சென்டர்களில் இன்னொரு கோளாறு தடுப்பானின் தலையில் விழும். பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பே அமையாது. பட்டியல் புதுப்பிப்பதும் நின்றுவிடும். கடிகாரத்தைச் சரிசெய்த பிறகு தடுப்பானைச் சந்தேகப்படலாம்.

பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்

செட்டிங்ஸில் மேம்பட்ட பயனர் என்ற டிக்கைப் போட்டால், சின்னத்தைத் தொடும்போது ஒரு கட்டம் கட்டமான பலகை விரியும். இடப் பத்தி (மேலிருந்து கீழாக உள்ள வரிசை) எல்லாத் தளங்களுக்கும், வலப் பத்தி இந்தத் தளத்துக்கு மட்டும். இடப் பத்தியில் மூன்றாம் தரப்பு நிரல், மூன்றாம் தரப்புச் சட்டம் (தளத்துக்குச் சொந்தமில்லாத வேறு பெயரிலிருந்து வரும் நிரலும் ஃபிரேமும்) ஆகிய இரண்டு வரிகளைச் சிவப்பாக்கினால் வேகம் இன்னும் ஒரு படி ஏறும். மலைச் சிக்னலில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். கூடவே, புதிதாகத் திறக்கும் தளங்களில் பல, முதல் முறை உடைந்து நிற்கும். உடைந்த தளத்தில் வலப் பத்தியில் தேவையான பெயரைச் சாம்பல் நிறமாக்கி, மறுபடி ஏற்றி, சரியானதும் பூட்டுக் குறியை அழுத்திச் சேமிக்க வேண்டும். பச்சையைத் தொடாதீர்கள். சாம்பல் என்றால் "என் சிவப்புத் தடை இங்கே வேண்டாம், பட்டியல் விதிகள் இருக்கட்டும்" என்று பொருள். பச்சை பட்டியல் விதிகளையும் சேர்த்துத் தள்ளிவிடும். வீட்டில் வயதானவர்கள் பயன்படுத்தும் போனில் இந்த நிலையை வைக்கவே கூடாது என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

எதை மறைக்கும், எதை மறைக்காது

அம்மாபேட்டையில் தறி ஓட்டும் ஒருவர் மூட்டு வலி பற்றி ஒரு பக்கம் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏலத்துக்குப் போகும் தகவலில் அந்தப் பக்கத்தின் முகவரி, போனின் மாடல், ஏறத்தாழ எந்த ஊர், அவருக்கென்று ஒட்டிய ஓர் எண் எல்லாம் இருக்கும். ஏலத்தில் ஜெயிப்பது ஒரு நிறுவனம். தகவல் கிடைத்தது ஏலத்துக்கு வந்த எல்லோருக்கும். தோற்றவர்களும் அதைப் பார்த்துவிட்டார்கள். கோரிக்கையே போகவில்லை என்றால் அந்த ஏலமும் கூடாது. வேகமும் அந்தரங்கமும் ஒரே கயிற்றின் இரு முனை என்று சொல்வது இதனால்தான்.

தேடல் பக்கத்தின் மேலே காசு கொடுத்து நிற்கும் முடிவுகளையும் இது எடுத்துவிடும். கரண்ட் பில் கட்டவோ கஸ்டமர் கேர் நம்பருக்கோ தேடுகிறவர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கே நிற்கும் போலித் தளத்தில். அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் இந்த வகை மோசடி பற்றி எச்சரித்தபோது, தேடும்போது விளம்பரத் தடுப்பான் நீட்சியைப் பயன்படுத்துங்கள் என்றே பொதுமக்களுக்குச் சொன்னது.

ஆனால் நீங்கள் லாகின் செய்திருக்கும் தளத்துக்கு நீங்கள் யார் என்று தெரியும். தடுப்பான் அதை மாற்றாது. எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது இணையம் தரும் நிறுவனத்துக்குத் தெரியும். மற்ற செயலிகளுக்குள் வரும் விளம்பரம் உலாவிக்கு வெளியே நடப்பது. அங்கே இதற்குக் கையே எட்டாது.

தமிழ்த் தளங்கள் பல விளம்பரக் காசில்தான் ஓடுகின்றன. செய்தியாளருக்குச் சம்பளம் அதிலிருந்துதான் போகிறது. நீங்கள் தினமும் படிக்கும், வாசகரை மதித்து அளவாக விளம்பரம் வைக்கும் தளத்தில் பவர் பட்டனை அணைத்து வையுங்கள். சந்தா இருந்தால் கட்டுங்கள். மலையில் அரை நிமிடம் காத்திருக்க வைக்கிற தளத்துக்கு அந்தக் கடமை நமக்கு இல்லை.

இந்தியன்லிஸ்ட் போன்ற பட்டியல்களில் தமிழ்த் தளங்களுக்கான விதிகள் குறைவாக இருப்பதற்குக் காரணம், தமிழ்த் தளத்தில் ஒன்று உடைந்தால் அதைச் சொல்ல ஆள் வருவதில்லை. ஜெர்மன்காரர்கள் சொல்கிறார்கள், அவர்கள் பட்டியல் நன்றாக இருக்கிறது. சின்னத்தைத் தொட்டால் வரும் பெட்டியில் பேச்சுக் குமிழி போன்ற குறி ஒன்று இருக்கிறது. தவறாகத் தடுத்தாலோ தடுக்காமல் விட்டாலோ அதன் வழியாகத் தெரிவிக்கலாம். மென்பொருள் எழுதுபவர்கள் கூடும் தளமான கிட்ஹப்பில் கணக்கு ஒன்று வேண்டும், நாலு வரி எளிய இங்கிலீஷ் போதும். பட்டியல்களைப் புதுப்பித்துவிட்டு, அப்போதும் கோளாறு இருந்தால் எழுதுங்கள். திருத்தம் ஏறிவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் ஏற்காட்டுக்கும் வந்துவிடும், ஆத்தூருக்கும் வந்துவிடும்.